லென்ஸுக்குள் ஒரு பித்தளை வளையம்

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்த பிறகு, ஸ்டூடியோ வேலை முழுவதும் என் தலையில் வந்தது. பாஸ்போர்ட் போட்டோ, பள்ளிக்கூட அடையாள அட்டை, பட்டுக்கடைகளுக்குப் புடவைப் படங்கள் எல்லாம் எனக்குப் பழக்கம்தான். கல்யாணம் ஆனதிலிருந்து அவரோடு சேர்ந்து செய்தவை. நான் தொடாதது அந்தப் பெரிய கேமரா ஒன்றுதான்.

அது ஒரு மரப்பெட்டி. முன்னால் லென்ஸ், நடுவில் மடித்து நீட்டும் தோல் துருத்தி, பின்னால் ஒரு மங்கல் கண்ணாடி. கறுப்புத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, அந்தக் கண்ணாடியில் தலைகீழாக விழும் உருவத்தைப் பார்த்துத்தான் ஃபோகஸ் வைக்க வேண்டும். ஒரு படத்துக்கு ஒரு பிலிம் தாள், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. அதற்கென்று அவர் வைத்திருந்தது ஒரே ஒரு வைட் ஆங்கிள் லென்ஸ். கோயில் மண்டபங்களில் பின்னால் நகர இடம் கிடைக்காது. தூண்களுக்கு நடுவே நின்றபடியே கூரை முழுவதையும் பிடிக்க அந்த லென்ஸ் வேண்டும்.

அவர் படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலியில் உட்காரும் அளவுக்குத் தேறியிருந்த சமயத்தில், சென்னையிலிருந்து ஓர் அம்மா வந்தார். கோயில் ஓவியங்களை ஆராய்ச்சி செய்பவர். பல வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊர்க் கோயில் ஒன்றின் மண்டபக் கூரையில் இருக்கும் பழைய ஓவியங்களை என் வீட்டுக்காரரை வைத்துத்தான் படம் எடுத்திருந்தார். இப்போது அந்தக் கோயிலில் திருப்பணி தொடங்கப் போகிறது, சாரம் கட்டிவிட்டால் கூரையை யாரும் பார்க்க முடியாது, அதற்குள் அதே லென்ஸில் அதே இடத்திலிருந்து இன்னொரு தடவை எடுக்க வேண்டும் என்றார். பழைய படத்தின் மேல் புதுப் படத்தை வைத்துப் பார்த்தால், இத்தனை வருஷத்தில் எவ்வளவு வண்ணம் உதிர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடுமாம்.

என் வீட்டுக்காரர் தன் வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"எடுக்கலாம் மேடம். இவ எடுப்பா. நா சொல்றேன்."

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். முடியாது என்று சொல்லவும் எனக்குத் தெம்பு இல்லாத நாட்கள் அவை. காலையில் அவரைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, கைக்கும் காலுக்கும் பயிற்சி கொடுத்து, கடையைத் திறந்தால் மத்தியானம் மறுபடி வீட்டுக்கு ஓட வேண்டும். ஸ்டூடியோவும் வீடும் முன்னும் பின்னுமாக ஒரே கட்டடம் என்பதால் பிழைத்தேன்.

கோயில் அலுவலகத்தில் அனுமதி வாங்கி, கேமராவையும் முக்காலியையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். கூரையைப் படம் எடுக்க கேமரா அண்ணாந்து பார்க்க வேண்டும். அப்படியென்றால் கண்ணாடி தரையைப் பார்க்கும். நான் கல்தரையில் மல்லாந்து படுத்து, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, மேலே தெரியும் கண்ணாடியில் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். தரிசனத்துக்கு வந்தவர்கள் என் காலைச் சுற்றிக்கொண்டு போனார்கள். "யாரோ அம்மா மயக்கம் போட்டுட்டாங்க போல" என்று ஒரு குரல் கேட்டது. ஒரு படம் எடுத்து எழுவதற்குள் இடுப்பு கழன்றுவிடும். பழைய படங்களின் பிரதிகள் கையில் இருந்தன. அவற்றைப் பார்த்துப் பார்த்து, என் வீட்டுக்காரர் அன்றைக்கு நின்ற தூணுக்குப் பக்கத்திலேயே நானும் முக்காலியைப் போட்டேன்.

குளியலறையை இருட்டாக்கி பிலிமைக் கழுவி, காய்ந்ததும் வெளிச்சப் பெட்டியின் மேல் வைத்தேன். நடுவில் இருந்த தேவதையின் கண் இமை வரைக்கும் தெரிந்தது. ஓரங்களுக்குப் போகப் போக எல்லாம் நெய் தடவின மாதிரி மங்கியிருந்தது. பழைய நெகட்டிவில் அதே ஓரத்தில் அன்னங்கள் வரிசையாகப் போகும். ஒவ்வொன்றின் அலகும் தனித்தனியாகத் தெரியும். என்னுடையதில் அன்னமா வாத்தா என்றே சொல்ல முடியவில்லை.

அவர் நெகட்டிவை இடது கையில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"லெவல் பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்திருக்க மாட்ட. கேமரா சாஞ்சிக்கினு இருந்திருக்குது."

மறுபடி போனேன். ரசமட்டத்தை வைத்து ஒன்றுக்கு மூன்று தடவை சரிபார்த்து எடுத்தேன். மறுபடி அதே மங்கல். முக்காலி ஆடியிருக்கும் என்றார். பிலிம் அதன் சட்டத்தில் சரியாக உட்காரவில்லை என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார். நோயாளி எரிச்சல்படுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டில் தறி ஓடுகிற அதிர்வு நம் வீட்டுச் சுவரில் தெரியும். அதுபோலக் கோயிலில் திருப்பணிக்குக் கல் இறக்குகிற அதிர்வாக இருக்குமோ என்றுகூட யோசித்தேன். கடைசியில் என் கண்ணையே சந்தேகப்பட்டேன். கண் ஆஸ்பத்திரியில் பாதி நாள் உட்கார்ந்து, புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தேன். புதுக் கண்ணாடியில் அந்த மங்கல் இன்னும் தெளிவாகத் தெரிந்தது, அவ்வளவுதான் லாபம்.

சென்னை அம்மா போனில் பொறுமையாகத்தான் பேசினார்.

"நீங்க ரொம்ப சிரமப்படறீங்கன்னு தெரியுதும்மா. வேணும்னா இங்கேருந்து ஒரு போட்டோகிராபரை அழைச்சிட்டு வரேன். லென்ஸை மட்டும் குடுங்க போதும்."

"ஒரு தடவை பாத்துடறேன் மேடம்," என்றேன். போனை வைத்த பிறகு கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். அழுகை வந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அதுவும் வரவில்லை.

அன்றைக்கு வாடிக்கையாளர் யாரும் வரவில்லை. எடுத்த நெகட்டிவ்களை எல்லாம் வரிசையாக வைத்துச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. கேமரா சாய்ந்திருந்தால் ஒரு பக்கம்தான் மங்க வேண்டும். முக்காலி ஆடியிருந்தால் நடுவும் சேர்ந்து கலங்கியிருக்க வேண்டும். என் படங்களில் நடு பளிச்சென்று இருந்தது. நான்கு மூலைகளும் ஒரே அளவுக்கு, அளந்து வைத்த மாதிரி மங்கியிருந்தன. எல்லாப் படத்திலும் அப்படியே. இது நான் செய்த தப்பாக இருக்க முடியாது. லென்ஸில்தான் ஏதோ.

என் வீட்டுக்காரர் எப்போதும் கேமரா ஷட்டர் பழுது பார்க்கக் கொடுக்கும் மெக்கானிக் சென்னையில் இருக்கிறார். அவருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"நாலு மூலையும் ஒரே மாதிரியாம்மா? யாராச்சும் லென்ஸைத் தொறந்தீங்களா?"

"யாரும் தொறக்கலையே."

"முன்னாடி கண்ணாடிப் பகுதியைத் திருகிக் கழட்டும்மா. கழட்டினா, அதுக்கும் ஷட்டருக்கும் நடுவுல மெல்லிசா ஒரு பித்தளை ரிங் இருக்கும். தலைமுடி கனம்தான். ஷிம்முன்னு சொல்வோம். இருக்குதா பாரு."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு திருகினேன். கஷ்டப்படாமல் கழன்று வந்தது. வளையம் எதுவும் இல்லை. உள்ளே தட்டிப் பார்த்தேன், விரலால் தடவிப் பார்த்தேன். இல்லை.

"அப்போ அதான்," என்றார் மெக்கானிக். "வைட் லென்ஸுக்கு முன் கண்ணாடிக்கும் பின் கண்ணாடிக்கும் நடுவுல தூரம் சுத்தமா இருக்கணும். அந்த ரிங்கு போனா தூரம் கொறைஞ்சிடும். நடுவுல தெரியாது, மூலையில காட்டிக் குடுத்துடும்."

"அந்த ரிங் உங்ககிட்ட கெடைக்குமா?"

"அது கடையில விக்கிற சாமான் இல்லம்மா. ஒவ்வொரு லென்ஸுக்கும் கனம் வேற வேற. ஃபாக்டரில பாத்துப் பாத்துப் போட்டது. தொலைச்சா, நாமதான் போட்டுப் போட்டுப் பாக்கணும்."

லென்ஸை இரண்டு துண்டாகக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போனேன். அவர் ஜன்னல் பக்கம் நாற்காலியில் இருந்தார். என் கையில் இருந்ததைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. நான் கேட்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"தொறந்தீங்களா?"

அவர் லென்ஸிலிருந்து கண்ணை எடுத்தார்.

"கேக்கிறேன் இல்ல?"

"பூஞ்சை புடிச்சிருந்துது," என்றார். வார்த்தை மெதுவாக வந்தது. "அந்த மேடம் வந்துட்டுப் போன மறுநாள். நீ ரேஷனுக்குப் போயிருந்த. எப்பவும் நாந்தான தொடப்பேன்."

"ஒத்தக் கையாலயா?"

"கழட்டிட்டேன். தொடச்சிட்டேன். மாட்டும்போது ரிங்கு உழுந்துடுச்சு. ஃபேன் ஓடிக்கினு இருந்துது. எங்க போச்சுன்னு தெரியல. குனிஞ்சு பாக்க முடியல."

"அப்பவே சொல்லியிருக்கலாம் இல்ல?"

"ஒரு ரிங்குதானன்னு நெனச்சேன். ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன்."

"மொத நெகட்டிவ் பாத்தீங்களே? அப்போ தெரியலையா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். "தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் லெவல் பாக்கலன்னு சொன்னீங்க."

அவருடைய இடது கை நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து விட்டது.

வளையம் விழுந்ததில் எனக்குக் கோபம் இல்லை. யார் கையிலிருந்தும் எதுவும் விழலாம். நான் கல்தரையில் படுத்து எழுந்ததையும், கண் ஆஸ்பத்திரியில் காத்திருந்ததையும், எனக்கு வேலை தெரியவில்லை என்று நானே என்னைத் திட்டிக்கொண்டதையும் இந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. லென்ஸை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனேன். தெருவைத் தாண்டி, தேர் நிற்கும் இடத்தையும் தாண்டி, குளத்துப் படியில் போய் உட்கார்ந்தேன். திரும்பிப் போக வேண்டாம் என்று நினைத்தேன். எங்கே போவது என்று அடுத்து நினைத்தேன். அதற்குப் பதில் கிடைப்பதற்குள் அவருடைய மாத்திரை நேரம் ஆகிவிட்டது. எழுந்து நடந்தேன்.

அந்த வாரம் நாங்கள் தேவைக்கு மட்டும்தான் பேசினோம். வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் துழாவினேன். அலமாரியை நகர்த்தி, பெருக்கிய குப்பையைச் சலித்து, வாசல் கால்வாய் வரை தேடினேன். ஒரு ஊக்கு, பழைய காசு, சரிகை நூல் சுருள், இவைதான் கிடைத்தன. வளையம் கிடைக்கவே இல்லை. இன்றைக்கு வரைக்கும் கிடைக்கவில்லை.

மெக்கானிக் சொன்ன வழியைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. பார்சல் கட்டுகிற அலுமினியத் தாளை எடுத்து, நகம் வெட்டும் கத்திரியால் வளையமாக வெட்டினேன். கிழிந்ததைப் போட்டுவிட்டு மறுபடி வெட்டினேன். கொல்லைப்புறச் சுவரில் நான்கு மூலைக்கும் நடுவுக்கும் செய்தித்தாளை ஒட்டி, எதிரே கேமராவை வைத்தேன். ஒவ்வொரு தாள் வளையமாக லென்ஸுக்குள் சேர்த்து, லென்ஸைத் திருகி, கறுப்புத் துணிக்குள் போய்ப் பார்க்க வேண்டும். நானே திருகி, நானே பார்த்து, போன தடவை எப்படி இருந்தது என்பதை மறந்துவிடுவேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

பின்வாசலில் தடி ஊன்றுகிற சத்தம் கேட்டது. அவர் வந்து நின்றார்.

"நா பாக்கிறேன். நீ மாத்து."

எனக்கு அவரிடம் பேசப் பிடிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் ஆயாசமாக இருந்தது. நாற்காலியைக் கொண்டுவந்து கேமராவுக்குப் பின்னால் போட்டேன். துணியைப் போர்த்திவிட்டேன். அவர் இடது கையில் பூதக்கண்ணாடியை வைத்து மூலைக்கு மூலை நகர்த்திப் பார்த்தார். உட்கார்ந்த வாக்கில், துணிக்குள், அவர் பழைய ஆளாகத் தெரிந்தார். குரல் மட்டும் மெதுவாக வந்தது.

"மேல வலது பக்கம், 'பட்டு'ன்னு ஒரு விளம்பரம் இருக்குது பாரு. ட்டுக்கு மேல புள்ளி தெரியல. இன்னொண்ணு போடு."

போட்டேன்.

"இப்போ?"

"புள்ளி இருக்குது. ஆனா கரைஞ்சா மாதிரி இருக்குது. இன்னொண்ணு."

போட்டேன்.

"ஆங். இப்போ புள்ளி புள்ளியா இருக்குது. கீழ மூலை பாக்கிறேன், இரு."

இன்னொரு தாள் சேர்த்தபோது மறுபடி மங்கியது. ஒன்றை எடுத்தோம். இப்படியே மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டி, வீட்டின் நிழல் செய்தித்தாளின் மேல் விழுகிற வரைக்கும் நடந்தது. இரண்டு பேரும் சாப்பிட மறந்துவிட்டோம். மூலை எல்லாம் தெளிவாகத் தெரிகிற கனம் எது என்று கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். அவர் துணியை விலக்கியபோது முகமெல்லாம் வேர்த்து, நெற்றியில் முடி ஒட்டியிருந்தது. நான் முந்தானையால் துடைத்துவிட்டேன். தினமும் செய்கிற வேலைதான் அது.

அலுமினியத் தாள் அழுந்திப்போகும், நிற்காது. வாலாஜாபாத்தில் அரிசி ஆலை இயந்திரங்களுக்கு வேலை செய்கிற லேத் பட்டறை ஒன்று உண்டு. தாள்களை டப்பாவில் பத்திரமாக வைத்து பஸ்ஸில் எடுத்துப் போனேன். பட்டறைக்காரர் தாள்களை அளந்து, அதே கனத்துக்கு ஒரு பித்தளைத் தகட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இவ்ளோ மெல்லிசு புடிக்கவே முடியாதும்மா. கிழிஞ்சிடும்."

"எத்தினி கிழிஞ்சாலும் பரவால்ல. ஒண்ணு வந்தா போதும்."

இரண்டு இரும்புத் தட்டுக்கு நடுவில் தகட்டை வைத்து இறுக்கிக் கடைந்தார். முதலில் வந்தவை பிசிறாக இருந்தன. அவர் அலுத்துக்கொண்டே இன்னொன்று, இன்னொன்று என்று செய்தார். ஒழுங்காக வந்ததை என் உள்ளங்கையில் வைத்தபோது கனமே தெரியவில்லை. மூச்சு விட்டால் பறந்துவிடும் போல இருந்தது. டப்பாவை மூடி, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். உட்கார இடம் கிடைத்தது. ஊர் வருவதற்குள் தூங்கிவிட்டேன். கண்டக்டர்தான் எழுப்பினார்.

வளையத்தைப் பொருத்தி, கொல்லைச் சுவரில் சரிபார்த்து, கோயிலுக்குப் போனால் மண்டபத்தில் பாதிக்கு மேல் சாரம் ஏறிவிட்டது. சவுக்குக் கட்டைகளும் கயிறுமாக இருந்தது. மேற்குப் பக்கக் கூரையில் ஏற்கெனவே ஏதோ பூசியிருந்தார்கள். கிழக்குப் பக்கம் மட்டும் மிச்சம். சாரம் கட்டுபவர்களிடம் கெஞ்சி, சாப்பாட்டு இடைவேளையில் எடுத்துக்கொள்ள அனுமதி வாங்கினேன். அவர்கள் தூக்குச் சட்டியைத் திறந்து உட்கார்ந்திருக்க, நான் சுண்ணாம்புத் தூசியில் படுத்துக்கொண்டு எடுத்தேன். கண்ணாடியில் பார்க்கும்போதே அன்னங்கள் தெரிந்தன. அலகு, கழுத்து வளைவு, கால்விரல். பார்த்ததும் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். அப்பாடா, இன்னொரு தடவை இங்கே வந்து படுக்க வேண்டாம் என்றுதான் தோன்றியது.

அடுத்த வாரம் சென்னை அம்மா வந்து எல்லா நெகட்டிவையும் வெளிச்சப் பெட்டியில் வைத்துப் பார்த்தார். என் வீட்டுக்காரர் உள்ளே கட்டிலில் இருந்தார். நடுவில் ஒரு திரைச்சீலைதான்.

"இது பிரமாதமா வந்திருக்கும்மா. இப்படியே எல்லாம் வந்திருந்தா..." என்று நிறுத்தினார். "மேற்குப் பக்கம் ஓரத்தில ஒரு வரிசை நடனக்காரங்க இருப்பாங்க. அது இனிமே கிடையாது. சரி. ஓரத்தை வெட்டிட்டு நடுவை மட்டும் போட்டுக்கறேன். லென்ஸ்ல என்னதான் ஆச்சு?"

திரைச்சீலைக்குப் பின்னால் கட்டில் லேசாகக் கிரீச்சிட்டது.

"உள்ள ஒரு வளையம் காணாம போயிருந்துது மேடம். பழைய லென்ஸு. எப்போ போச்சுன்னு தெரியல. கண்டுபுடிக்க நேரமாயிடுச்சு."

அந்த அம்மா மேற்கொண்டு கேட்கவில்லை. காபி குடித்துவிட்டு, நெகட்டிவ் உறைகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். காரில் ஏறும்போது, "உங்க உடம்பையும் பாத்துக்கங்க" என்றார். அந்த வருஷத்தில் அப்படி என்னிடம் சொன்னவர்கள் அதிகம் பேர் இல்லை.

உள்ளே போனேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"நாந்தான் தொலைச்சேன்னு சொல்லியிருக்கலாம்," என்றார்.

"சொல்லி?"

"உன் பேருதான கெட்டுப்போவுது."

"மேக்கால இருந்தது போனது போயிடுச்சு. யார் பேரு கெட்டு என்ன?"

என் பக்கம் திரும்பாமலே, "ஒனக்கு இந்த வேலை வரும்னு எனக்குத் தெரியும்," என்றார். "மொத நாளே நடுவுல அப்படி பளிச்சுன்னு இருந்துது. நா மொதல்ல எடுத்தது அப்படி இல்ல."

அதை அவர் அன்றைக்கே சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும். அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர் மன்னிப்பும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியவில்லை. உடம்பு முடியாத மனிதரிடம் எவ்வளவு தூரம் கோபத்தை இழுத்துக்கொண்டு போக முடியும்? காலையில் மறுபடி அவரைத் தூக்கி உட்கார வைக்க என் தோளைத்தான் பிடித்துக்கொள்கிறார்.

திருப்பணி முடிந்து கும்பாபிஷேகமும் ஆகிவிட்டது. அன்றைக்கு நான் போகவில்லை. கூட்டத்தில் அவரைக் கூட்டிப்போக முடியாது, விட்டுவிட்டும் போக முடியாது. கூட்டம் ஓய்ந்த பிறகு ஒரு மத்தியானம், நடை சாத்துவதற்கு முன்னால் இரண்டு பேரும் போனோம். கேமரா எடுத்துப் போகவில்லை. மண்டபத்தில் தடியை ஊன்றி நின்று அவர் அண்ணாந்து பார்த்தார். மேற்குப் பக்கம் வெறும் வெள்ளை. கிழக்குப் பக்கம் அன்னங்கள் இருந்தன, அவற்றை விட்டுவிட்டிருந்தார்கள். வெகுநேரம் அண்ணாந்ததில் அவர் கால் தடுமாறியது. பிடித்துக்கொண்டேன்.

"உக்காரலாமா?" என்றேன்.

"உக்காந்தா எழுப்பணுமே நீ."

"எழுப்புறேன். உக்காருங்க."

தூணடியில் உட்கார வைத்தேன். நானும் பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டேன். கல் குளிர்ச்சியாக இருந்தது. காவலாளி நடை சாத்தப் போவதாகச் சொல்லிக்கொண்டு தூரத்தில் வந்துகொண்டிருந்தார். அவர் இங்கே வந்து சேர இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் என்று நான் எழுந்திருக்கவில்லை.